தம்பியின் கையில் செய்த அலர்ஜி டெஸ்ட்டே அவனை விழுத்திவிட்டது – உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மஸ்கெலியா மகள் | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, வாசித்துவிட்டுப் போகிறவள். ஆனால் பத்து நாளாக இது நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

என் தம்பிக்கு 19 வயது, டவுனில் ஒரு கடையில் வேலை செய்கிறான். தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவனுக்கு உதடும் கண்ணும் வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகப் போட்டது. இறாலா, நண்டா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இழுப்பு உண்டு, பனிக்காலத்தில் பம்ப் இல்லாமல் இருக்க முடியாது. டொக்டர் பார்த்துவிட்டு, தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் செய்தால் எது என்று பிடித்துவிடலாம் என்றார். ஒரு தனியார் கிளினிக்கில் நாள் எடுத்தோம். இடத்தின் பெயரைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

செட்டிரிசின் குளிசையை ஐந்து நாளைக்கு முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், நிறுத்தினோம். போகிற அன்று காலை நாலரை மணி பஸ். விடாத மழை, கூடவே பனி. பஸ்ஸுக்குள்ளேயே அவன் இரண்டு தடவை பம்ப் அடித்தான். நான்தான் அவன் காதுக்குள் சொன்னேன், "இழுப்பு இருக்கான்னு கேட்டா இல்லன்னு சொல்லு. இன்னொரு நாள் லீவும் பஸ் காசும் யார் தர்றது?" அங்கே கேட்டார்கள். அவன் இல்லை என்றான்.

முன்கையில் பேனாவால் ஒன்றிலிருந்து பத்து வரை எழுதினார்கள். ஒவ்வோர் இலக்கத்துக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு. சொட்டின் மேல் குட்டி முள் மாதிரி ஒன்றால் லேசாக ஒரு குத்து. ரத்தம்கூட வரவில்லை. "இருபது நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் மிஸ் அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஏழாம் இலக்கம்தான் இறால். முதலில் நுளம்பு கடித்த மாதிரிச் சின்னதாக எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெருத்து, ஓரத்தில் கால் முளைத்த மாதிரி நாலு பக்கமும் நீண்டது. சுற்றிலும் சிவப்பு முழங்கை வரைக்கும் ஏறியது. தம்பி இருமத் தொடங்கினான். நாக்கு தடிச்ச மாதிரி இருக்கு என்றான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டொயிலட் போக வேண்டும் என்று எழும்பினான். இரண்டு அடி வைத்திருப்பான், அப்படியே சரிந்துவிட்டான். உதடு வெளிறிப் போயிருந்தது.

மிஸ் ஓடி வந்தார். டொக்டரும் வந்தார். அலர்ஜியை அடக்கும் பிரிட்டன் என்ற ஊசி போட்டார்கள், இன்னொரு ஊசியும் போட்டார்கள். இதற்கு முக்கியமாகப் போட வேண்டிய அட்ரினலின் ஊசி பக்கத்து அறை அலுமாரியில் பூட்டியிருந்தது. திறப்பு கீழ் மாடியில் இருந்தவரிடம். எத்தனை நிமிடம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, எனக்கு அது ஒரு நாள் மாதிரி. அது வந்து தொடையில் போட்ட பிறகு, கொஞ்ச நேரத்திலேயே கண்ணைத் திறந்து "அக்கா" என்றான். பிறகு அரச ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஓர் இரவு வைத்திருந்து விட்டார்கள்.

ஒரு சொட்டு. தோலின் மேலே ஒரு சொட்டு. அதற்கு ஓர் ஆளை விழுத்த முடியுமா? என்னால்தான் இப்படி ஆனதா? இனி அவனுக்கு எந்த டெஸ்ட்டும் செய்யக்கூடாதா?

---

டிக்கோயா தம்பி | ஞாயிறு, இரவு 9.48

அக்கா, வாசிக்கும்போதே கை நடுங்கிவிட்டது. தம்பி இப்போது நன்றாக இருக்கிறாரா?

எங்கள் அம்மாவுக்குக் கிட்டத்தட்ட இதே மாதிரி நடந்தது, ஆனால் அது சாப்பாட்டு டெஸ்ட் இல்லை. காலில் புண் பழுத்துக் காய்ச்சலோடு வார்டில் சேர்த்திருந்தோம். அன்டிபயோட்டிக் ஊசிக்கு முன்னால் கையில் தோலுக்குள் கொஞ்சம் போட்டுப் பார்த்தார்கள், டெஸ்ட் டோஸ் என்று சொல்வார்களே, அது. சின்னக் கொப்புளம் மாதிரி எழும்ப, சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் அம்மா உள்ளங்கையைச் சேலையில் தேய்க்கத் தொடங்கினார். என்னம்மா என்றால், "ஒண்ணுமில்ல, அரிக்குது." அப்புறம் உள்ளங்காலைக் கட்டில் கம்பியில் தேய்த்தார். அம்மாவுக்குச் சிங்களம் சரியாக வராது. மிஸ்ஸி வேலையாக இருக்கிறார், இதுக்குப் போய்க் கூப்பிடுவதா என்று அம்மா வாயைத் திறக்கவே இல்லை. நான் பார்வையாளர் நேரத்தில் அங்கே இருந்ததால் ஓடிப்போய்ச் சொன்னேன். வந்தவர்கள் வட்டத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். உடனே படுக்க வைத்து ஊசி போட்டார்கள். இங்கே அட்ரினலின் தட்டிலேயே இருந்தது. அதனால்தான் அம்மா இன்றைக்கு வீட்டில் இருக்கிறார்.

இப்போது கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதியிருக்கிறது. எந்த டொக்டரிடம் போனாலும் நான் அந்தப் பக்கத்தை முதலில் விரித்துக் காட்டிவிட்டுத்தான் மற்றதைக் கதைப்பேன்.

---

பசறைக்காரன் | ஞாயிறு, இரவு 10.30

எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஒத்துவராது என்று தெரிந்த சாமானை எதற்கு மறுபடி உடம்புக்குள் விட்டுப் பார்க்க வேண்டும்? இறால் சாப்பிட்டு வீங்கினால் இறாலை விட்டுவிட வேண்டியதுதானே. இதற்குக் காசும் கட்டி, உயிரையும் பணயம் வைக்க வேண்டுமா?

என் பெரியம்மா மகன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது குளவி கலைந்து கொட்டியது. கூட நின்ற ஆறு பேருக்கும் கொட்டியது. மற்றவர்களுக்கு வீக்கமும் வலியும்தான், இவர் மட்டும் மூச்சு முட்டி விழுந்தார். தோட்டத்து லொறியில் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டார். போன மாதம் ஒருவர், குளவி நஞ்சை ஊசியில் எடுத்துத் தோலுக்குள் போட்டுப் பார்க்கிற டெஸ்ட் இருக்கிறது என்றார். நான் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். மஸ்கெலியா தங்கச்சி எழுதியதைப் பார்த்தால் நான் சொன்னது சரிதான் போல.

---

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | திங்கள், காலை 6.15

மகள், முதலில் உனக்கு. அந்தக் கடைசிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் என்னால் தேத்தண்ணி குடிக்க முடியவில்லை. நான் 20 வருடத்துக்கு மேல் வார்டில் நின்றவள்.

ஒரு சொட்டால் முடியும். இந்த டெஸ்ட் என்பதே, சந்தேகப்படும் சாமானை மிக மிகக் கொஞ்சமாக உடம்புக்குக் கொடுத்து, அது என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான். நம் தோலுக்குள்ளே மாஸ்ட் செல் என்று காவல்காரர்கள் இருக்கிறார்கள். அலர்ஜி உள்ளவருடைய மாஸ்ட் செல்களின் மேல், அந்தச் சாமானுக்கென்றே உடம்பு தயாரித்த ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். சொட்டு உள்ளே போனதும் அந்தச் செல்கள், அரிப்பும் வீக்கமும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டும். குத்தின இடத்தில் மட்டும் கொட்டினால் ஒரு தடிப்பு. அதைத்தான் அளந்து பார்க்கிறோம், வெறும் உப்புத்தண்ணீர் சொட்டு போட்ட இடத்தைவிட 3 மில்லிமீற்றர் கூடினால் பொசிட்டிவ் என்போம். உடம்பு முழுக்கக் கொட்டினால் உன் தம்பிக்கு நடந்தது நடக்கும்.

குத்திப் பார்க்கிற முறையில் இப்படி ஆவது மிக அரிது. வெளிநாட்டுக் கணக்குகளில் பெரும்பாலும் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. தோலுக்குள் ஊசியால் 0.02 முதல் 0.05 மில்லிலீற்றர் வரை ஏற்றிப் பார்க்கிற முறையில் மருந்து கூடுதலாக உள்ளே போகிறது, அதனால் ஆபத்தும் கூடுகிறது. அதனால்தான் முதலில் குத்திப் பார், அதில் ஒன்றும் இல்லையென்றால் மட்டும் ஊசிக்குப் போ என்பது விதி. அமெரிக்காவில் 1987இல் வந்த ஒரு கணக்கெடுப்பில், 1945க்குப் பிறகு தோல் டெஸ்ட்டால் இறந்தவர்கள் என்று 6 பேரைக் கண்டுபிடித்தார்கள். அதில் 5 பேருக்குக் குத்திப் பார்க்காமல் நேரே தோலுக்குள் ஊசி போட்டிருந்தார்கள்.

குத்திப் பார்க்கும் முறையிலும் பிற்பாடு அங்கே ஒரு மரணம் பதிவானது. அவருக்கு ஆஸ்துமா இருந்தது, ஒரே தடவையில் 90 உணவுச் சாமான்களைப் போட்டுப் பார்த்திருந்தார்கள்.

ஆஸ்துமா என்றதும் உன் மனம் எங்கே போகும் என்று தெரியும். ஆமாம், இழுப்பு அடங்காத நாளில் இந்த டெஸ்ட்டைச் செய்யக்கூடாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நீ இல்லை மகள். "இழுப்பு இருக்கா" என்று வாயால் கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கக் கூடாது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டிருக்க வேண்டும், முடிந்தால் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீற்றரில் ஊதச் சொல்லியிருக்க வேண்டும். நாலரை மணி பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். அது எனக்குத் தெரியும், அந்தக் கதிரையில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பூட்டிய அலுமாரி பற்றி எழுதியிருந்தாய். அதை வாசித்து எனக்குக் கோபம் வந்தது, இன்னும் அடங்கவில்லை. அட்ரினலின் ஒரு மலிவான ஊசி. அது டெஸ்ட் தட்டிலேயே, கைக்கு எட்டும் தூரத்தில், சிரிஞ்சோடு இருக்க வேண்டும். சொட்டுப் போத்தலை எடுப்பதற்கு முன் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரிட்டனும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் பிறகு போடலாம், அவை அரிப்பையும் தடிப்பையும் அடக்கும். விழுந்த பிரஷரைத் தூக்கி, அடைத்த மூச்சைத் திறப்பது அட்ரினலின்தான். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிலீற்றர் அம்பியூலில், அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியில், பாதி. தொடையின் வெளிப்பக்கத்தில், தசைக்குள். ஐந்து நிமிடத்தில் சரிவராவிட்டால் இன்னொன்று.

எழும்ப விட்டதும் பிழை. பிரஷர் இறங்கிக்கொண்டிருப்பவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். எழும்பி நின்றால் இருக்கும் கொஞ்ச ரத்தமும் காலுக்கு இறங்கி, நெஞ்சுக்குத் திரும்பாது. மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரலாம், நிற்கவே கூடாது. வயிற்று வலியும் டொயிலட் போக வேண்டும் என்ற அவசரமும் இதனுடைய அறிகுறிகளேதான். பலர் டொயிலட்டுக்குள் போய் விழுந்திருக்கிறார்கள்.

டிக்கோயா தம்பி, உங்கள் அம்மாவின் உள்ளங்கை அரிப்பைக் கவனித்தீர்களே, அது பெரிய காரியம்.

---

கண்டி மாணவி | திங்கள், மாலை 5.20

மிஸ்ஸி சொன்ன அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. மருத்துவம் இறுதி வருடம் படிக்கிறேன், என் தாத்தா பாட்டி இன்னும் தலவாக்கலையில் தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். பசறை அண்ணாவுக்குப் பதில் சொல்லலாம் என்று வந்தேன்.

அண்ணா, நீங்கள் கேட்டதில் பாதி முழுக்க நியாயம். ஒரு சாமான் சாப்பிட்ட உடனே வீங்கியது, இரண்டு தடவை அதே மாதிரி நடந்தது, வேறு எதுவும் கலக்கவில்லை என்றால் அந்தக் கதையே போதும், குத்திப் பார்க்க வேண்டிய தேவை பல நேரம் இருக்காது. ஆனால் கல்யாணச் சாப்பாட்டில் இறால், நண்டு, கஜு, முட்டை, நாலு வகை மசாலா எல்லாம் இருந்தது. அதில் எது என்று தெரியாமல் அந்தத் தம்பி காலம் முழுக்க எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டு இருக்க முடியுமா?

ரத்தத்தில் பார்க்கிற வழியும் இருக்கிறது. குறிப்பிட்ட சாமானுக்கான ஐஜிஇ எவ்வளவு என்று ரத்தத்தில் அளக்கலாம், அதில் இந்த ஆபத்து கிடையாது. குளிசையை நிறுத்த வேண்டியதும் இல்லை. காசு கூடுதல், முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகும். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நோயெதிர்ப்புப் பிரிவில் இந்தப் பரிசோதனைகள் செய்கிறார்கள். இழுப்பு அடிக்கடி வருகிறவர், ஒருமுறை கடுமையாக விழுந்தவர், குளிசையை நிறுத்தவே முடியாதவர், இவர்களுக்கு முதலில் ரத்தத்தைப் பார்ப்பது நல்லது. பிரஷருக்கு அட்டெனலோல், ப்ரொப்ரனலோல் போன்ற குளிசை எடுப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் குளிசை அட்ரினலினை வேலை செய்யவிடாமல் மறிக்கும்.

குளவி விஷயம் வேறு. ரத்தத்திலும் பார்க்கலாம், தோலிலும் பார்க்கலாம். தோலில் என்றால் நஞ்சை மிக மிக நீர்க்கச் செய்து தொடங்கி, படிப்படியாகக் கூட்டுவார்கள், அதுவும் எல்லா வசதியும் உள்ள இடத்தில். கொட்டிய உடனே செய்தால் ஒன்றும் காட்டாமலும் போகலாம், நாலு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். கொழுந்து மலைக்குத் தினமும் போகிறவர் குளவியை "விட்டுவிட" முடியாதே அண்ணா. இறாலை விடலாம், பிழைப்பை எப்படி விடுவது?

"ஒரு சொட்டு எப்படி" என்று அக்கா கேட்டதற்கு ஒரு பழைய கதை. போர்ட்டியே, ரிஷே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் கடல் சாமந்தி என்ற கடல் உயிரின் நஞ்சை நாய்களுக்குக் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால், பிறகு அவை அதைத் தாங்கும் என்று நினைத்தார்கள். சில வாரம் கழித்து, முதல் தடவை தாங்கிய சின்ன அளவைத் திரும்பக் கொடுத்தபோது ஒரு நாய் உடனே மூச்சுத் திணறி விழுந்து, அரை மணிநேரத்துக்குள் செத்தது. இப்படி உடம்பு முழுக்கத் தாக்கும் அலர்ஜிக்கு 1902இல் அனஃபிலக்ஸிஸ் என்று பெயர் வைத்தார்கள். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. அளவு சின்னது என்பது இந்த விஷயத்தில் ஆறுதல் இல்லை.

---

பசறைக்காரன் | திங்கள், இரவு 8.05

சரி தங்கச்சி, விளங்குகிறது. குளவியை விட முடியாது என்றது உண்மை. அண்ணன் திரும்பவும் அதே மலைக்குத்தான் போகிறார்.

ஆனால் ஒரு கேள்வி. டிக்கோயா தம்பியின் அம்மாவுக்குச் செய்த டெஸ்ட் டோஸ் நல்லதுதானே? அது செய்யாமல் முழு ஊசியும் போட்டிருந்தால்? 2023இல் கண்டிப் பக்கம் அன்டிபயோட்டிக் ஊசிக்குப் பிறகு ஓர் இளம் பிள்ளை இறந்துபோன செய்தியை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதிலிருந்து எங்கள் லயத்தில் ஊசி என்றாலே பயம்.

---

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | திங்கள், இரவு 9.40

அந்தப் பிள்ளையின் செய்தி எங்களையும் உலுக்கியது.

டெஸ்ட் டோஸ் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். அது காட்டிக்கொடுக்கும் நேரமும் உண்டு, ஏமாற்றும் நேரமும் உண்டு. வட்டத்துக்குள் ஒன்றும் எழும்பவில்லை என்று முழு ஊசியைப் போட்டு, அதில் ஆள் விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு மாறாக, ஊசி குத்திய எரிச்சலில் சிவந்ததை அலர்ஜி என்று எழுதி, அந்த ஆளுக்கு நல்ல மருந்து காலம் முழுக்கக் கிடைக்காமல் போனதும் உண்டு. பெனிசிலின் ஒத்துவராது என்று கொப்பியில் எழுதப்பட்டவர்களை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தால், பத்தில் ஒன்பது பேர் அளவில் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

அதனால் வட்டத்தைவிட முக்கியமானது வாயால் கேட்பது. முன்பு இந்த ஊசி போட்டீர்களா, அப்போது என்ன ஆனது, எவ்வளவு நேரத்தில். அதையும் அந்த ஆளின் மொழியில் கேட்க வேண்டும். வார்டில் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட இரண்டு நிமிடம் போதும், அதைச் செய்யுங்கள் என்று நான் இளையவர்களிடம் சண்டையே போட்டிருக்கிறேன். முன்பு ஒரு மருந்துக்கு மூச்சு முட்டி விழுந்தவர் என்றால் வார்டில் வைத்து அதைத் தோலுக்குள் போட்டுப் பார்க்கவே கூடாது, வேறு மருந்துக்குப் போக வேண்டும்.

---

ஹப்புத்தளை அம்மா | செவ்வாய், பகல் 11.25

இதுவும் அந்த வகையா என்று சொல்லுங்கள். எங்கள் லயத்தில் ஒரு ஐயாவுக்குக் காசநோய் என்று கண்டுபிடித்து, பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லோரையும் சோதித்தார்கள். என் மகளுக்குக் கையில் மான்டோ ஊசி போட்டார்கள். அன்றைக்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் அந்த இடம் கல்லு மாதிரித் தடித்து, மேலே தண்ணிக் கொப்புளம் வந்து, பிறகு உடைந்து புண்ணாகிவிட்டது. பிள்ளை பள்ளிக்கூடச் சட்டைக் கையை இறக்க முடியாமல் அழுதாள். ஆற மூன்று வாரம் ஆனது, தழும்பு இன்னும் இருக்கிறது. எல்லோரும் அலர்ஜி, இனி எந்த ஊசியும் போடாதே என்கிறார்கள்.

---

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | செவ்வாய், பகல் 12.50

இது வேறு வகை, பயப்பட வேண்டாம் மகள். மான்டோவை 48 முதல் 72 மணிநேரத்துக்குள் பார்ப்பதே அதனால்தான். அது மெதுவாக வருகிற எதிர்வினை, ஐஜிஇ சம்பந்தப்பட்டதில்லை. காசநோய்க் கிருமியை முன்பே கண்ட வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்குக் கூட்டமாக வருவதால் தடிக்கிறது. பலமாக வந்தால் கொப்புளமும் புண்ணும் வரும். மூச்சு முட்டுகிற வகை இதில் வருவது மிக மிக அபூர்வம்.

மற்ற ஊசிகளை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் மான்டோவை மட்டும் அவளுக்குத் திரும்பப் போடக்கூடாது, கொப்பியில் எழுதி வையுங்கள். அப்புறம், அவ்வளவு பலமாக வந்தது என்றால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்களா, கிளினிக்கில் தொடர்ந்து பார்க்கிறார்களா? அதை விட்டுவிடாதீர்கள். புண் ஆறிவிட்டது என்று அந்தக் கேள்வியும் ஆறிவிடாது.

---

சலிப்பறை | செவ்வாய், இரவு 10.15

நான் தேயிலைப் பெக்டரியில் சலிக்கிற பகுதியில் 11 வருடம். தூசி மூக்கிலும் நெஞ்சிலும்தான் போகும். மூன்று வருடமாக எனக்கு வேலைக்குப் போனால் இழுப்பு, போயா லீவில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் இல்லை. இது புதிதில்லை என்று கிளினிக்கில் ஒரு டொக்டர் சொன்னார். தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமா பற்றி உரகொட என்ற நம் நாட்டு டொக்டர் 1970இலேயே எழுதியிருக்கிறாராம்.

தோல் டெஸ்ட் செய்யலாமா என்று நானே கேட்டேன். அந்த டொக்டர் என் நெஞ்சைக் கேட்டுவிட்டு, "இன்னைக்கு இல்ல, இழுப்பு அடங்கி ஒரு மாசம் நல்லா இருந்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு நாள் சம்பளம் போனதே என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். மஸ்கெலியா தங்கச்சியின் பதிவை நேற்று இரவு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அந்த டொக்டரை அடுத்த தடவை பார்க்கும்போது நன்றி சொல்ல வேண்டும்.

---

மஸ்கெலியா மகள் | வியாழன், இரவு 8.30

எல்லோருடைய பதிலையும் இரண்டு மூன்று தடவை வாசித்தேன். மிஸ்ஸி அம்மா, நீங்கள் எழுதிய அந்த நாலரை மணி பஸ் வரியில் நான் அழுதுவிட்டேன். பத்து நாளைக்குப் பிறகு அன்றுதான் தூங்கினேன்.

நேற்று அரச கிளினிக்குக்குப் போனோம். இந்தத் தடவை பஸ்ஸில் பம்ப் அடித்ததைக்கூட நேரத்தோடு சொன்னோம். அந்த டொக்டர் ஊதச் சொல்லிப் பார்த்தார். இப்போதைக்கு இறாலும் நண்டும் முழுக்க நிறுத்தம், மற்ற சந்தேகங்களை ரத்தத்தில் பார்ப்போம், இழுப்புக்கு முதலில் ஒழுங்கான மருந்து என்றார். தினமும் காலையும் இரவும் அடிக்க ஒரு தடுப்புப் பம்ப் கொடுத்திருக்கிறார்.

அட்ரினலினைத் தானாகக் குத்தும் பேனா மாதிரி ஊசி இங்கே எளிதில் கிடைக்காது, விலையும் எங்களுக்கு எட்டாது. அதனால் அம்பியூலும் சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, எனக்கும் அம்மாவுக்கும் எப்படி என்று காட்டினார்கள். அம்பியூலின் கழுத்தைத் துணி சுற்றி உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலை வெட்டும். சிரிஞ்சில் 0.5 கோட்டில் அந்த மிஸ் எங்களுக்காகச் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு கோடு போட்டுத் தந்தார். வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுத்துத் தோடம்பழத்தில் குத்திப் பழகினோம். அம்மா முதல் இரண்டு தடவை கண்ணை மூடிக்கொண்டார், மூன்றாம் தடவை பிடித்துவிட்டார். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வைத்திருக்கிறோம். ஊசி போட்டுவிட்டு உடனே 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுக்கச் சொன்னார்கள், அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும். எங்கள் மேல் டிவிஷனுக்கு அது ஏறி வர நேரம் எடுக்கும், ஆகவேதான் வீட்டில் ஊசி.

---

டிக்கோயா தம்பி | வியாழன், இரவு 8.52

அக்கா, இதைக் கேட்டதே நிம்மதி. மிஸ்ஸி அம்மாவிடம் ஒன்று. வீட்டில் முதலில் பிரிட்டன் குளிசை கொடுத்துப் பார்த்துவிட்டு, கேட்காவிட்டால் ஊசிக்குப் போகலாமா? எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

---

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | வியாழன், இரவு 9.30

தோலில் மட்டும் தடிப்பும் அரிப்பும் என்றால் குளிசை சரி, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு, குரல், நாக்கு, மயக்கம், தடிப்போடு சேர்ந்த வாந்தி, இதில் ஒன்று வந்துவிட்டால் குளிசைக்காகக் காத்திருக்கவே கூடாது. ஊசி முதலில். ஊசியில் சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சில மணிநேரம் கழித்துத் திரும்ப வருவது உண்டு. உன் தம்பியை ஓர் இரவு வைத்திருந்தது அதற்குத்தான் மகள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் அளவு வேறு. டொக்டர் எழுதித் தந்த அளவைத்தான் போட வேண்டும், இங்கே நான் எழுதினதை வைத்துப் போட்டுவிடாதீர்கள்.

---

கண்டி மாணவி | வியாழன், இரவு 10.05

அக்கா, தம்பியின் கொப்பியில் ஒட்ட ஒரு துண்டு எழுதித் தரட்டுமா? "இறாலுக்குக் கடும் ஒவ்வாமை. தோல் பரிசோதனையின்போதே மயங்கி விழுந்தவர். ஆஸ்துமா உண்டு. மயங்கினால் அட்ரினலின் தொடையில்." தமிழில் இது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கையால் எழுதிப் படம் எடுத்துப் போடுகிறேன். டெஸ்ட் செய்த திகதியையும் எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கியது என்பதையும் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்துப் பார்க்கிறவருக்கு அது உதவும். டிக்கோயா அண்ணாவின் அம்மாவுக்கும் ஒன்று எழுதுகிறேன், மருந்தின் பெயரைக் கொப்பியில் பார்த்துச் சொல்லுங்கள்.

---

மஸ்கெலியா மகள் | வெள்ளி, இரவு 7.40

துண்டை ஒட்டிவிட்டோம் தங்கச்சி. சிங்களத்தில் உள்ளதைப் பக்கத்துக் காம்பரா ஐயாவிடம் வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். எத்தனையாவது நிமிடம் என்று எனக்குச் சரியாகத் தெரியாததால் தம்பியிடமே கேட்டேன். போனைத் தா, நானே எழுதுகிறேன் என்கிறான்.

அந்தத் தம்பி நான்தான். எல்லோருக்கும் நன்றி. முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா சொன்னதால் மட்டும் நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த மாதம் ஏற்கனவே மூன்று நாள் லீவு எடுத்துவிட்டேன், முதலாளி முகத்தைத் திரும்பப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அக்கா கையில் எழும்பின தடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னாலேயே எனக்கு மற்றக் கையில், மணிக்கூட்டு வாருக்குக் கீழே அரிக்கத் தொடங்கிவிட்டது. குத்தாத கை அது. வார் ஈரமாக இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்து மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். அப்போது மணி பார்த்தேன், 9.20. குத்தியது 9.14க்கு. அப்புறம் காது சூடாகியது, பிறகுதான் இருமல். அந்த ஆறாவது நிமிடத்தில் நான் மிஸ்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். துண்டில் 9.20 என்றே எழுதியிருக்கிறோம்.